ஒரே கட்டுத்தரையின் இரண்டு மாதிரிகள்: கால்நடைத் துறைக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

தாராபுரம், காங்கேயம், வெள்ளக்கோவில் வட்டாரங்களில் முப்பத்தொரு ஆண்டுகள் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இம்மடலை உங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தனித்தனியே எழுதினால், எந்தக் குறையைச் சொல்ல வந்தேனோ அதையே நானும் செய்தவனாவேன். என் வேண்டுகோள் ஒன்றுதான்: கொங்கு மண்டலத்தில் நோயுற்ற கால்நடையிடமிருந்தும், அதனோடு ஒரே வளாகத்தில் வாழ்ந்து நோயுற்ற மனிதரிடமிருந்தும் எடுக்கப்படும் மாதிரிகளை ஒரே இடத்தில் மரபணு வரிசைப்படுத்தி, ஒன்றை மற்றொன்றின் பக்கத்தில் வைத்துப் படித்து, கிடைத்த முடிவை மாதிரி கொடுத்தவருக்கே திருப்பிச் சொல்லும் ஏற்பாடு ஒன்றைச் செய்து தர வேண்டும்.

ஏன் கேட்கிறேன் என்பதற்கு, என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளக்கோவிலுக்குத் தெற்கே தோட்டத்தில் குடியிருந்த ஒரு குடும்பம். நான்கு கறவை மாடுகள், பத்துப் பன்னிரண்டு வெள்ளாடுகள், வீட்டுச் சுவரை ஒட்டியே கட்டுத்தரை. ஐப்பசியில் ஒரு மாடு ஏழாம் மாதத்தில் கன்று வீசியது, அதாவது கரு கலைந்தது. மூன்று வாரம் கழித்து இன்னொரு மாடும் வீசியது. அந்த வீட்டு அம்மாள் இரண்டு முறையும் இளங்கொடியை (நஞ்சுக்கொடியை) வெறுங்கையால் எடுத்துப் புதைத்திருந்தார். மார்கழி பிறந்தபோது அவருக்குக் காய்ச்சல் கண்டது. மாலையானால் ஏறும், விடியலில் உடம்பெல்லாம் வியர்த்து இறங்கும். இடுப்பும் முழங்காலும் கழன்று போவதுபோல வலிக்கும். டைபாய்டு என்று சொல்லி வாரக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். நான் அந்த மாடுகளின் பாலில் வளையச் சோதனை செய்தபோது, கன்று வீச்சை உண்டாக்கி மனிதருக்கும் தொற்றும் புருசெல்லா நோய்க்கான அறிகுறி தெளிவாகத் தெரிந்தது. மாடுகளின் இரத்தத்தையும் பாலையும் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அந்த அம்மாளின் இரத்தம் வேறொரு ஊரிலுள்ள மருத்துவமனைக்குப் போனது. எனக்கு இன்றுவரை பதில் வரவில்லை. அவருக்கு வந்த தாளில் மாடு என்ற சொல்லே இல்லை. பின்னர் வேறொரு மருத்துவர் ஐயப்பட்டுச் சரியான மருந்தை ஆறு வாரம் கொடுத்த பிறகே அவர் எழுந்து நடமாடினார். அன்று அவர் என்னிடம் கேட்டது, "மாட்டுக்கு வந்ததுதானுங்களா டாக்டருங்க, எனக்கும் வந்திருக்குது?" என்பதுதான். "இருக்கலாம்" என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைத்திருந்தால் நான் செய்திருக்கக்கூடியவை பல. புருசெல்லாவில் மாட்டுக்குரிய அபார்ட்டஸ் வகை உண்டு. ஆட்டுக்குரிய மெலிடென்சிஸ் வகை உண்டு. இரண்டாவது, மனிதரை மிகக் கடுமையாகத் தாக்குவது; ஆட்டிலிருந்து மாட்டுக்கும் தாவக்கூடியது. நாங்கள் வழக்கமாகச் செய்யும் இரத்தச் சோதனை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. நோய் உண்டு அல்லது இல்லை என்பதோடு நின்றுவிடும். கிடாரிக் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாத வயதில் போடும் எஸ்-19 தடுப்பூசி அபார்ட்டஸ் வகைக்காகச் செய்யப்பட்டது. அந்தக் கட்டுத்தரைக்கு நோயைக் கொண்டுவந்தவை வெள்ளாடுகள் என்றால், மாடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நான் நோயின் ஊற்றைத் தொடவே இல்லை என்று பொருள். சந்தையில் புதிதாக வாங்கி வந்த மாடு என்றால், அது எங்கிருந்து வந்தது என்று தேடியிருக்க வேண்டும். புருசெல்லாவின் மரபணுத் தொகுதி ஏறக்குறைய 33 இலட்சம் வேதி எழுத்துகளைக் கொண்டது. அம்மாளிடமிருந்தும், மாட்டிடமிருந்தும், ஆட்டிடமிருந்தும் வளர்த்தெடுத்த கிருமிகளில் அந்த எழுத்துகளைப் படித்து ஒப்பிட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும்.

மரபணு வரிசைப்படுத்தல் என்றவுடன் நம் உழவர்கள் பலரும், ஏன் ஊராட்சி உறுப்பினர்களும்கூட, அது கொரோனாக் காலத்தில் சென்னையில் நடந்த ஏதோ ஒன்று என்றே நினைக்கிறார்கள். அவர்களுக்கு நான் ஓலைச்சுவடியைச் சொல்லி விளக்குவது வழக்கம். ஓர் ஏட்டைப் பார்த்து இன்னோர் ஏட்டில் எழுதுபவர் எங்கேனும் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதிவிடுவார். அந்தப் படியைப் பார்த்து எழுதுபவர் அதே பிழையையும் எழுதி, தம் பங்குக்கு வேறொரு பிழையையும் சேர்ப்பார். பல ஊர்களிலிருந்து திரட்டிய ஏடுகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர்கள், பொதுவான பிழைகளைக் கொண்டே எந்த ஏடு எந்த ஏட்டின் வழி வந்தது என்று கண்டார்கள். நோய்க்கிருமியும் தன்னைத் தானே படியெடுத்துத்தான் பெருகுகிறது; படியெடுக்கும்போது எழுத்துப் பிழை நேர்கிறது; அப்பிழைகள் அடுத்தடுத்த விலங்குக்கும் மனிதருக்கும் போகின்றன. ஆகவே கிருமிகளின் எழுத்துகளை வரிசையாகப் படித்தால் அவற்றின் கொடிவழியை வரைந்துவிடலாம். வைரஸ்களில், குறிப்பாக ஆர்.என்.ஏ. வைரஸ்களில், இந்தப் பிழைகள் விரைவாகச் சேர்வதால், சில வார இடைவெளியில் நடந்த பரவலைக்கூட இம்முறையால் பின்தொடர முடிகிறது.

இது எவ்வளவு கூர்மையான கருவி என்பதை 2007இல் இங்கிலாந்தில் வந்த கோமாரி காட்டியது. சர்ரே மாவட்டத்துப் பண்ணை ஒன்றில் மாடுகளுக்கு நோய் கண்டபோது, அந்த வைரஸின் மரபணுவைப் படித்தார்கள். அது 1967இல் பிரிக்கப்பட்டு ஆய்வகங்களிலும் தடுப்பூசி உற்பத்தியிலும் மட்டுமே இருந்த பழைய வகையோடு ஒத்திருந்தது. நாற்பது ஆண்டுகள் மாட்டுக்கு மாடு தாவி வந்த வைரஸாயின் நாற்பது ஆண்டுப் பிழைகளைச் சுமந்திருக்க வேண்டும், அப்படி இல்லை. சில கிலோமீட்டர் தொலைவிலிருந்த பிர்பிரைட் ஆய்வு வளாகத்தின் கழிவுநீர்க் குழாய்களில் விசாரணை போய் நின்றது. பக்கத்துப் பண்ணைக்காரரையோ மாட்டு வியாபாரியையோ குற்றம் சொல்ல வேண்டிய தேவை அங்கே எழவில்லை. நம் ஊர்களில் ஒவ்வொரு முறை கோமாரி வரும்போதும், கூசாமல் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொள்வதைப் பார்த்தவன் என்ற முறையில், இந்த ஒரு பயனுக்காகவே இக்கருவியை நான் மதிக்கிறேன்.

நம் நாட்டிலேயே கண்கூடான சான்றுகள் உண்டு. மாட்டிலிருந்து மனிதருக்கு வரும் காசநோய்க்குக் காரணம் மைக்கோபாக்டீரியம் போவிஸ் என்றே நாங்கள் கல்லூரியில் படித்தோம்; அதைத்தான் பல்லாண்டுகள் மற்றவர்களுக்கும் சொல்லிவந்தோம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த நோயாளிகளிடமிருந்து சேர்ந்த காசநோய்க் கிருமிகளை மரபணு முறையில் ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு, மாட்டிலிருந்து வரும் அந்தப் போவிஸைக் காணாமல், மாடுகளிடமும் காணப்படும் அதன் உறவினமான ஓரிஜிஸ் என்ற கிருமியைச் சிலரிடம் கண்டது. போவிஸைத் தேடுவதற்கென்று அமைத்த சோதனையை மட்டும் நம்பியிருந்தால், "மாட்டுக் காசநோய் இங்கு மனிதருக்கு வருவதில்லை" என்று எழுதி முடித்திருப்போம். கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிக்கும் பழக்கம் இன்னும் நம் தோட்டங்களில் இருக்கிறது. அவிநாசியிலோ கொடுமுடியிலோ நிணநீர்க் கட்டியோடு வரும் காசநோயாளியிடம் இருப்பது எந்தக் கிருமி என்பதை இன்று யார் பார்க்கிறார்கள்?

தோல் கழலை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் ஒடிசாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, அடுத்த ஆண்டே நம் பக்கமும் வந்த அந்த நோயை நம் மக்கள் மாட்டம்மை என்றார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார்கள். முதல் அலையில் இறப்பு குறைவாக இருந்தது. 2022இல் குஜராத், இராஜஸ்தான் முதலிய மாநிலங்களில் அது ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் அந்த மாடுகளின் மாதிரிகளிலிருந்து வைரஸின் முழு மரபணுவையும் படித்தபோது, இரண்டு வேறு கொடிவழிகள் தெரிந்தன. ஒன்று, முன்னர் ராஞ்சியிலும் ஐதராபாத்திலும் கிடைத்தவற்றோடு நெருங்கியது. மற்றொன்று, 2015இல் ரஷ்யாவில் கண்ட வகையோடு ஒத்து, மிகப் பல மாற்றங்களைச் சுமந்தது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் எழுத்து கொண்ட வைரஸ் அது; வெறும் பி.சி.ஆர். சோதனை "தோல் கழலை உண்டு" என்று மட்டுமே சொல்லியிருக்கும்.

இப்போது நம் மண்டலத்தைப் பாருங்கள். வியாழன்தோறும் ஈரோடு கருங்கல்பாளையத்தில் கூடும் மாட்டுச் சந்தைக்குக் கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம் என்று வியாபாரிகள் வருகிறார்கள். பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து மாடுகள் பாலக்காட்டுக் கணவாய் வழியே கேரளத்துக்குப் போகின்றன. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை, சித்திரையில் கண்ணபுரம் சந்தை. காங்கேயம் காளைகள் அங்கே ஊர் ஊராகக் கைமாறுகின்றன. கிளுவை வேலி போட்ட கொறங்காடுகளில் மேயும் மாட்டுக்கும் மயிலம்பாடிச் செம்மறிக்கும், நான்கு மாநிலங்களைக் கண்டு வந்த மாட்டுக்கும் இடையே ஒரு சந்தை நாள்தான் தொலைவு. வடக்கே சத்தியமங்கலம் காடு, முதுமலை, பந்திப்பூரோடு ஒரே காடாகத் தொடர்கிறது. மேற்கே ஆனைகட்டியும் வாளையாறும். உண்ணி வழியே மனிதருக்கு வரும் கியாசனூர் காட்டு நோய் 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. 2012இல் பந்திப்பூர் வரை வந்துவிட்டது. 2018இல் கோழிக்கோட்டில் நிப்பா வந்தபோது, நோயாளிகளிடம் கிடைத்த வைரஸையும் அப்பகுதிப் பழந்தின்னி வௌவால்களிடம் கிடைத்ததையும் மரபணு வரிசையில் ஒப்பிட்டு, இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்று கண்டார்கள். அந்த ஒப்பீடு, வதந்திகளுக்கு நடுவே வௌவாலைச் சான்றோடு சுட்டியது. நம் பக்கத்தில் அப்படி ஒன்று நேர்ந்தால், வௌவாலின் மாதிரியையும் மனிதரின் மாதிரியையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பொறுப்பு இன்று எந்த அலுவலகத்தினுடையது என்று உங்களால் உடனே சொல்ல முடியுமா?

கோழிப் பண்ணைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நாமக்கல்லில் நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை இடப்படுகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் இறைச்சிக்கோழிக் கொட்டகை இல்லாத ஊர் இல்லை. தடுப்பூசி போட்ட பிறகும் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) வருகிறதே என்று பண்ணையாளர்கள் கேட்காத நாள் இல்லை. நாம் போடும் லசோட்டா தடுப்பூசி 1940களில் அமெரிக்காவில் கிடைத்த வைரஸிலிருந்து வந்தது. அது இரண்டாம் மரபு வகையைச் சேர்ந்தது. இந்தியக் கோழிகளிடம் சுற்றும் வகைகளில் முதன்மையானது பதின்மூன்றாம் மரபு வகை. தடுப்பூசி கோழியைச் சாவிலிருந்து காக்கும்; ஆனால் அந்தக் கோழி வைரஸைக் கழிச்சலில் வெளியேற்றுவதை முழுவதும் நிறுத்தாது. ஒவ்வொரு பருவத்திலும் எந்த வகை எந்த வட்டத்தில் சுற்றுகிறது என்று படித்துச் சொன்னால், தடுப்பூசி போலி என்றும், முகவர் ஏமாற்றினார் என்றும் எழும் சண்டைகளில் பாதி நின்றுவிடும்.

பறவைக் காய்ச்சல் இன்னும் பெரிய கவலை. 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளிடம் அக்காய்ச்சலின் எச்5என்1 வைரஸ் கண்டறியப்பட்டது, மாட்டு மருத்துவனாகிய என்னை உண்மையிலேயே உலுக்கியது. பால் சட்டென்று குறைந்து சீம்பால்போலத் திரிந்தது. பண்ணைப் பூனைகள் செத்தன. பால் கறக்கும் தொழிலாளர்களுக்குக் கண் சிவந்தது. மரபணுக்களைப் படித்துத்தான், காட்டுப் பறவையிலிருந்து ஒரு முறை மாட்டுக்குத் தாவிய வைரஸ் பிறகு மாட்டுக்கு மாடு பரவியிருக்கிறது என்றும், அது 2023இன் கடைசியிலேயே நடந்திருக்க வேண்டும் என்றும் கண்டார்கள். நோய் அறிவிக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பே அது பரவிக்கொண்டிருந்தது என்பதை வேறெந்தச் சோதனையும் சொல்லியிருக்க முடியாது. நம் மாடுகளிடம் அந்த நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. யாரும் அப்படிப் படித்து அஞ்ச வேண்டாம். கோழிக் கொட்டகையும் கட்டுத்தரையும் ஒரே வேலிக்குள் இருக்கும் வீடுகள் உலகில் எங்கேனும் நெருக்கமாக உண்டென்றால் அது நம் மண்டலம் என்பதைத்தான் சொல்கிறேன்.

கோலிஸ்டின் என்ற மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேறெதற்கும் கட்டுப்படாத தொற்றுக்கு மருத்துவமனையில் கடைசியாகக் கொடுக்கப்படும் அம்மருந்தை எதிர்க்கும் எம்.சி.ஆர்.-1 மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் டி.என்.ஏ. வளையத் துண்டில் இருப்பதை 2015இல் சீனத்தில் கண்டார்கள். 2019 ஜூலையில் இந்திய அரசு உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அம்மருந்தைத் தடை செய்தது. தடை பலன் தந்திருக்கிறதா என்பதைப் பண்ணைக் கழிவிலும் மருத்துவமனை நோயாளியிடமும் கிடைக்கும் பாக்டீரியாவைச் சேர்த்துப் படித்தாலன்றி அறிய முடியாது.

இதற்கு வேண்டிய கட்டடங்களும் ஆட்களும் நம்மிடம் பெரும்பாலும் இருக்கிறார்கள். 2021 செப்டம்பரில் சென்னையில் மாநில அரசே முழு மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் ஒன்றைத் தொடங்கியது. அது பாராட்டுக்குரிய செயல். நாமக்கல், தலைவாசல், உடுமலைப்பேட்டை ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கோவை, பெருந்துறை, சேலம் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அறிவியல் பட்டம் பெற்று வேலை தேடும் பிள்ளைகள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். இரண்டு துறைகளின் மாதிரிகளும் ஒரே எண்வரிசையில் பதிவாகும் ஒரு மேசைதான் இல்லை.

ஆபத்தான கிருமிகளைப் பரவலாகக் கையாளக் கூடாது. அதனால்தான் பறவைக் காய்ச்சல் மாதிரிகள் போபாலிலுள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகின்றன என்று உங்கள் அலுவலர்கள் சொல்லக்கூடும். அந்தக் கவலை நியாயமானது. அவ்விதியைத் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. பறவைக் காய்ச்சல் போன்றவை போபாலுக்கே போகட்டும். அங்கு படிக்கப்படும் வரிசை மட்டும் நம் மண்டலத்தின் மேசைக்கும் வந்து சேரட்டும். மற்ற நோய்களில், களத்திலேயே கிருமியைச் செயலிழக்கச் செய்யும் கரைசலில் மாதிரியை இட்டுவிட்டால், அதற்குப் பிறகு கையாளப்படுவது கிருமியின் எழுத்துகள் மட்டுமே. கருவியும் முன்போல அறையை அடைத்துக்கொள்வதன்று. 2015இல் கினி நாட்டில் எபோலா பரவியபோது, உள்ளங்கையில் அடங்கும் வரிசைப்படுத்தும் கருவியை விமானப் பயணப் பெட்டியில் கொண்டுபோய், 142 மாதிரிகளை அங்கேயே படித்தார்கள்; மாதிரி வந்து சேர்ந்த ஒரு நாளுக்குள் முடிவு சொல்ல முடிந்தது. மின்வெட்டும் புழுதியும் அங்கும் உண்டு.

எழுத்துகளை மட்டும் படித்தால் போதும் என்று எண்ணிவிடுவதும் தவறு. எந்த மாடு, எந்தச் சந்தையில் எந்த நாளில் வாங்கியது, கன்று வீசிய நாள், தடுப்பூசி போட்ட நாள், வீட்டில் யாருக்கு எப்போது காய்ச்சல் என்ற குறிப்பு இல்லாத மரபணு வரிசை, ஊர்ப்பெயரும் ஆண்டும் இல்லாத ஏட்டைப் போன்றது. கொடிவழியில் அதற்கு இடம் கிடைத்தாலும் அதைக் கொண்டு நோயைத் தடுக்க முடியாது. அக்குறிப்பை எழுதுபவர் கால்நடை ஆய்வாளரும் கிராமச் சுகாதார செவிலியருமே. அவர்கள் இருவரும் மாதம் ஒரு முறையாவது ஒன்றாக உட்கார ஆணை பிறப்பியுங்கள். பயணப்படி ஒரு சிறு தொகைதான் ஆகும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முதன்மையாகப் படுவது வேறு. நோய் இருப்பதாகச் சொன்னால் சொசைட்டியில் பால் ஊற்ற விடமாட்டார்கள், கோழியை எல்லாம் கொன்றுவிடுவார்கள், சந்தையில் மாடு விலை போகாது என்ற அச்சத்தால்தான் நம் மக்கள் மறைக்கிறார்கள். இரவோடு இரவாக மாட்டை விற்றுவிடுகிறார்கள். நானே அப்படி விற்கப்பட்ட மாடுகளை அடுத்த வாரம் இருபது கல் தள்ளி வேறொருவர் கட்டுத்தரையில் பார்த்திருக்கிறேன். மாதிரி கொடுத்த குடும்பத்தின் பெயரும் ஊரும் வெளியிடப்படாது என்ற உறுதியும், கொல்லப்படும் கால்நடைக்கு முப்பது நாளுக்குள் இழப்பீடு என்ற உறுதியும் எழுத்தில் இல்லாவிட்டால், எத்தனை கோடிக்குக் கருவி வாங்கினாலும் அதற்குள் வைக்க மாதிரி வராது. வந்த மாதிரிக்கு, கொடுத்தவருக்குப் புரியும் தமிழில் ஒரு தாளாவது திரும்பிப் போக வேண்டும். அந்த அம்மாளுக்குப் போகவில்லை. அவர் தம் வெள்ளாடுகளை இன்னும் அதே கட்டுத்தரையில்தான் கட்டுகிறார்.

முழு மண்டலத்துக்கும் ஒரே நாளில் தொடங்க முடியாது என்பதை அறிவேன். முதலாண்டில் மூன்று நோய்களோடு தொடங்கலாம் என்பது என் கருத்து: கன்று வீச்சு, மாட்டுவழிக் காசநோய், கோழிகளின் வெள்ளைக்கழிச்சல். மூன்றுக்கும் மாதிரி எளிதில் கிடைக்கும். மூன்றிலும் உழவருக்கு உடனடிப் பயன் உண்டு. நாமக்கல் கால்நடைக் கல்லூரியும் பெருந்துறை மருத்துவக் கல்லூரியும் இணைந்து நடத்தினால் இரண்டுக்கும் இடையே அரை நாள் பயணம்கூட இல்லை.

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்கள் நாங்கள் சிலர், பனிக்கட்டிப் பெட்டியோடு சந்தைகளுக்குச் சென்று, ஊதியம் பெறாமல் மாதிரி எடுத்துத் தர ஆயத்தமாக இருக்கிறோம். கருங்கல்பாளையத்தில் வியாழன் விடியுமுன்பே சந்தை கூடிவிடும். பெட்டியை எந்த அலுவலகத்தில், யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை மட்டும் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்,
தாராபுரம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.